குட்டையில் சென்சார் வைத்து நிம்மதியாகத் தூங்குவது எப்படி?

இறால் பண்ணைக்காரனுக்குத் தூக்கமே கிடையாது என்பார்கள். பொய். தூக்கம் உண்டு, ராத்திரியில் வராது, அவ்வளவுதான். காலை பத்து மணிக்குத் தீவனக் கடையில் பில் போடும்போது வரும். வங்கி மேனேஜர் வட்டிக் கணக்கு சொல்லும்போது கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும். ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியும் வரை மட்டும் எட்டிப் பார்க்காது. குட்டையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குவதும் அந்த நேரத்தில்தான்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் சென்சார். தண்ணீருக்குள் ஒரு குச்சி, கரையில் ஒரு டப்பா, டப்பாவுக்குள் ஒரு சிம் கார்டு, உங்கள் கையில் ஒரு செயலி. கரைந்த ஆக்சிஜன், பி.எச்., உப்பு, வெப்பம் எல்லாம் சில நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணாக வந்து விழும். பச்சையாக இருந்தால் தூங்கலாம், சிவப்பானால் எழுந்திருக்கலாம். வேதாரண்யம் பக்கம் நாலு குட்டை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் இதை நம்பித் தூங்கிப் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஒன்று விடாமல் பின்பற்றுங்கள். பலன் நிச்சயம்.

முதலில் வாங்கும் படலம். கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வருவார். பளபளக்கும் ஷூ, தோளில் லேப்டாப் பை. கரையில் சேறு பார்த்து ஒரு நிமிஷம் தயங்குவார். அவர் டெமோ காட்டும் நேரத்தைக் கவனிக்கவே கவனிக்காதீர்கள். அது எப்போதும் காலை பதினொரு மணியாகத்தான் இருக்கும். வெயில் ஏறி, தண்ணீரில் உள்ள பாசியெல்லாம் ஆக்சிஜனை உற்பத்தி செய்து தள்ளும் நேரம். குச்சியைப் போட்டதும் எட்டு, எட்டரை என்று எண் ஏறும். பார்க்கக் கோயில் கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதே பாசி பொழுது சாய்ந்ததும் கட்சி மாறி, தானே ஆக்சிஜனை உறிஞ்ச ஆரம்பிக்கும். கூடவே இறாலும், சேற்றில் உள்ள பாக்டீரியாவும் உறிஞ்சும். விடிவதற்கு முன்னால் அந்த எட்டு மூன்றாகியிருக்கும்.

நான் வாய் தவறி ஒருமுறை கேட்டுவிட்டேன்: "தம்பி, ராத்திரி நாலு மணிக்கு வந்து இதே டெமோ காட்டுவீங்களா?"

"ஆப்ல ஹிஸ்டரி இருக்கும் சார். பார்த்துக்கலாம் சார்."

நியாயமான பதில். சரித்திரம் எப்போதும் நடந்து முடிந்த பிறகுதானே எழுதப்படுகிறது.

குச்சியின் ஆயுள் எவ்வளவு, மாற்றினால் என்ன விலை, டப்பாவுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. அதன் விலை பின்னால் வரும்.

அடுத்தது, குச்சியை எங்கே நடுவது? சந்தேகமே வேண்டாம், ஏரேட்டருக்குப் பக்கத்தில். துடுப்புச் சக்கரம் தண்ணீரை அடித்து நுரையாக்கும் இடத்தில் ஆக்சிஜனுக்கு என்ன பஞ்சம்? எந்த நேரம் பார்த்தாலும் எண் மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆழமும் ஒரு சாண் போதும். கையை நீட்டினால் எட்ட வேண்டும், தெப்பத்தில் ஏறிப் போகிற வேலையெல்லாம் நமக்கு எதற்கு? இறால் குடியிருப்பது தரையில். தீவனம், எச்சம், செத்த பாசி எல்லாம் ஏரேட்டரின் சுழற்சியில் நகர்ந்து குட்டை நடுவில் கறுப்புச் சேறாகச் சேரும் இடமும் தரைதான். அங்கே ஆக்சிஜன் குறைவாக இருக்கும், அதைப் பார்த்தால் மனசு கெடும். குடித்தனக்காரர் கீழ்த்தளத்தில் மூச்சு முட்டிக் கிடக்கட்டும், நீங்கள் மொட்டை மாடியில் நின்று காற்று நன்றாக வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நாலு குட்டைக்கு நாலு செட் வாங்குகிறவர் பணத்தின் அருமை தெரியாதவர். நான் ஒரு செட் வாங்கி முதல் குட்டையில் வைத்தேன். ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே குஞ்சு, ஒரே தீவனம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியவர்கள் சொல்லவில்லையா? என்னிடம் இருந்தது நாலு பானை என்பது அப்போது உறைக்கவில்லை.

இனிப் பராமரிப்பு. இதற்கு ஒரே விதிதான்: கழுவாதீர்கள்.

வனாமி இறால் குட்டைத் தண்ணீர் என்பது தண்ணீர் இல்லை, கூழ். சட்டப்படி ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரை விடலாம். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் உயிர். அத்தனைக்கும் ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு. தீவனத்தில் இருக்கிற நைட்ரஜனில் ஏறத்தாழ முக்கால் பங்கு இறால் உடம்பில் ஒட்டாமல் தண்ணீருக்கே திரும்பிவிடும். அதற்கு மேல் நாம் கரைத்து ஊற்றுகிற வெல்லப்பாகு, தவிட்டுப் புளிப்பு, ப்ரோபயாடிக். இந்தக் கூழில் ஒரு பொருளை முக்கி வைத்தால் மூன்றாம் நாள் வழவழப்பாகும், பத்தாம் நாள் பச்சைத் தாடி வளரும், மாதம் திரும்பினால் கொட்டலசு ஒட்டும். ஆக்சிஜன் அளக்கும் முனையை அந்தத் தாடி மூடிக்கொண்ட பிறகு குச்சி குட்டையை அளக்காது, தன் தாடியை அளக்கும். பகலில் தாடி ஆக்சிஜன் விடும், எண் கூடும். ராத்திரியில் தாடி ஆக்சிஜன் குடிக்கும், எண் குறையும். வரைபடம் ஏறி இறங்கி உயிரோட்டமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

"ஒளியால் அளக்கிற புது மாடல் சார், பழசு மாதிரி மெம்ப்ரேன் மாத்த வேண்டாம், பராமரிப்பே கிடையாது" என்று அந்தத் தம்பி சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மெம்ப்ரேன் மாற்ற வேண்டாம் என்பது உண்மை. தாடியைச் சிரைக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் பண்ணையில் ஒரு பெரியவர் இருக்கிறார். வரி இறால் காலத்திலிருந்து குட்டைக் கரையிலேயே இருப்பவர். தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து கிழக்குக் கடற்கரை முழுக்கப் பண்ணைகள் காலியானதையும் பார்த்தார். 2009-இல் அமெரிக்கக் கண்டத்துப் பசிபிக் கரையின் வனாமி இந்தியாவுக்குள் வந்ததையும் பார்த்தார். எனக்கு முன் என் அப்பாவிடம் சம்பளம் வாங்கியவர், அதனால் என்னைத் தம்பி என்பார். சென்சார் வந்த மூன்றாம் வாரம், தான் பல் தேய்த்துத் தேய்த்துச் சாய்ந்துபோன பழைய பிரஷ் ஒன்றோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி அந்தக் குச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செயலியில் ஆக்சிஜன் திடீரென்று குதித்தது. நான் பதறிப் போய்ச் சத்தம் போட்டேன்: "அதுல கை வைக்காதீங்க பெரியவரே, வாரன்டி போயிடும்!"

அவர் பிரஷைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கரையேறிவிட்டார். அதற்குப் பிறகு நான் சொன்ன விதியை அவரும் கடைப்பிடித்தார்.

கழுவாத குச்சியைச் சரிபார்க்கவும் கூடாது. இதற்கு இங்கிலீஷில் காலிபரேஷன் என்று ஒரு பெரிய பெயர் இருக்கிறது, பெயரைக் கேட்டே பயந்துவிடலாம். பி.எச். குச்சியோடு 4, 7, 10 என்று மூன்று கரைசல் பொட்டலம் கொடுப்பார்கள். ஒரே பொட்டலத்தை வருஷம் முழுக்க மூடி வைத்து மூடி வைத்து உபயோகித்தால், கொஞ்ச நாளில் மூன்று கரைசலும் சமாதானமாகி ஒரே குணத்துக்கு வந்துவிடும். குட்டை காய்ந்திருக்கும் இடைவெளியில் குச்சியை எடுத்து ஷெட் கூரையில் சொருகி வையுங்கள். அதன் நுனியில் இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குமிழ் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டிய ஜாதி. இரண்டு மாதம் வெயிலில் காய்ந்தால் அதற்கு மேல் அது எதைப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் பேசும். மகான்களின் நிலை.

(இந்த பி.எச். அளவுகோல் பிறந்த இடம் 1909-இல் கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்பவர் கண்டுபிடித்தார். ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிற கணக்கு. இதைச் சொன்னபோது பெரியவர், "அதான் தம்பி அது தள்ளாடுது" என்றார்.)

என்னுடையது தள்ளாடவில்லை. நாற்பது நாள் 7.9. காலையிலும் 7.9, மாலையிலும் 7.9. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பண்ணைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினெட்டுக் கட்டைவிரல், நாலு கைகூப்பு, ஒரு ரோஜாப்பூ. உயிருள்ள குட்டையில் பி.எச். காலையில் இறங்கும், சாயங்காலம் ஏறும். பாசி மூச்சு விடுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த ஏற்ற இறக்கம் அரைப் புள்ளிக்குள் இருக்க வேண்டும் என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஏற்ற இறக்கமே இல்லை என்றால் குட்டை செத்திருக்க வேண்டும், அல்லது குச்சி செத்திருக்க வேண்டும். குட்டையில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு ரோஜாப்பூ அனுப்பியவர் குச்சிக்கு மலரஞ்சலி செலுத்தினார் என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

பைசா செலவில்லாமல் ஆக்சிஜனைக் கூட்டவும் ஒரு வழி உண்டு. செயலியின் செட்டிங்கில் உப்புத்தன்மை என்று ஓர் இடம் இருக்கும். சில மாடலில் அதை நாமே நிரப்ப வேண்டும். பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். முப்பது டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். இருபது பிபிடி (ஆயிரத்தில் இருபது பங்கு) உப்பு இருந்தால் ஏழுகூடத் தாங்காது. குச்சிக்கு உப்பைச் சொல்லாமல் விட்டால், நல்ல தண்ணீர்க் கணக்கிலேயே தாராளமாகக் காட்டும். குட்டையில் 3.5 இருக்கும்போது செயலியில் 4-ஐ நெருங்கிப் பச்சையாகிவிடும்.

அம்மோனியா விஷயத்துக்கு வருவோம். என் செயலியில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு, நீல நிறத்தில், ஒரு சொட்டு படம் போட்டு, அழகாக. அதை ரசியுங்கள். ரசிப்பதோடு நிறுத்துங்கள். உவர்நீரில் அம்மோனியாவைத் தொடர்ந்து அளப்பது லேசான காரியம் இல்லை. அம்மோனியத்தைத் தேடிப் போகும் குச்சிக்கு முன்னால் சோடியமும் பொட்டாசியமும் கூட்டமாக வந்து நின்று, நான்தான் நான்தான் என்று கையைத் தூக்கும். கடையில் விற்கிற கிட்டில் மூன்று சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பதுதான் இன்னும் நம்பத் தகுந்தது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மொத்த அம்மோனியாவில் விஷமாக இருப்பது ஒரு பகுதிதான், அந்தப் பகுதியைத் தீர்மானிப்பது பி.எச். ஏழில் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. ஒன்பதைத் தொட்டால், நம்மூர் வெப்பத்தில், நாற்பது பங்கு போல விஷமாகிவிடும். ஆக, காலையில் பார்த்து நிம்மதியடைந்த அதே அம்மோனியா, மத்தியானம் மூன்று மணிக்கு வேறு ஆள். பி.எச். குச்சி 7.9 என்று ஜபித்துக்கொண்டிருக்கும் பண்ணையில் இந்தக் கவலை தேவையில்லை.

குட்டைக்குள் பார்க்கிற சென்சார் போதும், வெளியே போகிற தண்ணீருக்கு யாரும் சென்சார் வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள். வடிகாலுக்கு அந்தப் பக்கம் இருப்பது அடுத்தவர் வயல், அடுத்தவர் கிணறு. காந்தியவாதி ஜெகந்நாதன் இந்தத் தண்ணீருக்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வாங்கினார். 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று சட்டமும் ஆணையமும் வந்தன. பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு ஷெட்டில் மாட்டியிருக்கிறோம். கழிவுத் தண்ணீர் தெளிந்து போகிறதா என்று நேரலையில் பார்க்க மட்டும் எந்தச் செயலியிலும் கட்டம் இல்லை. நான் அந்தத் தம்பியிடம் கேட்டேன். "அதுக்கு டிமாண்ட் இல்ல சார்" என்றார். இந்த இரண்டு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே முழு உண்மை.

அலாரம்தான் இந்தக் கருவியின் உயிர். அதை எப்படிச் சாகடிப்பது என்று சொல்கிறேன்.

பொருத்தும்போது ஆக்சிஜன் 4-க்குக் கீழே போனால் அடிக்கும்படி வைத்துக் கொடுத்தார்கள். சரியான அளவுதான். நாலுக்கு மேல் இருந்தால் வனாமி தின்னும், வளரும். மூன்றுக்குக் கீழே சோர்ந்துபோகும். இரண்டுக்குக் கீழே கரையோரம் வந்து மேல்மட்டத்தில் மூச்சுக்கு அலையும். முதல் வாரம் தினமும் ராத்திரி இரண்டரைக்கு அடித்தது. எழுந்து போய்க் கூடுதல் ஏரேட்டரைப் போட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் வாரம் வீட்டில் சண்டை. மூன்றாம் வாரம் எல்லையை 3-க்கு இறக்கினேன். பிறகு 2.5. கடைசியில் 1.5. அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட அடிக்கவில்லை. அந்த அளவில் அடித்தாலும் அவசரமாக எழுந்து போகத் தேவையில்லை, காலையில் வலையும் கூடையும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.

அலாரச் செய்தி எத்தனை பேருக்குப் போகிறதோ அத்தனை பாதுகாப்பு என்று நினைத்து ஐந்து எண் கொடுத்தேன். எனக்கு, சூப்பர்வைசருக்கு, என் தம்பிக்கு, தீவனக் கம்பெனி டெக்னீசியனுக்கு, இதில் பணம் போட்டிருக்கும் சிங்கப்பூர் மச்சானுக்கு. ஐந்து பேரில் நாலு பேர், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று தூங்கினோம். மச்சான் மட்டும் பார்த்துக்கொண்டார். இங்கே மணி மூன்று என்றால் அங்கே ஐந்தரை, அவர் எழுந்துவிடுவார்.

"மாப்ள, மூணு புள்ளி ரெண்டு காட்டுது. என்ன பண்றீங்க?"

"தூங்குறேன் மச்சான்."

"ஒரு லட்சம் ரூபா சாமான் எதுக்குய்யா அப்பறம்?"

அன்றிலிருந்து போனையும் சைலன்ட்டில் போட்டுப் படுக்க ஆரம்பித்தேன். தூக்கத்துக்காக வாங்கிய பொருள் ஒருவழியாகத் தூக்கத்தைத் தந்தது.

ஐப்பசி மாதம். குஞ்சு விட்டு எழுபத்தைந்து நாள், கிலோவுக்கு எழுபது கவுண்ட்டுக்கு வந்திருந்தது. இரண்டு நாளாக மூட்டம், வெயில் எட்டிப் பார்க்கவில்லை. வெயில் இல்லாவிட்டால் பாசி பகலில் சேர்த்து வைப்பதும் குறையும், ராத்திரிக்குக் கையிருப்பு இருக்காது. மறுநாள் அமாவாசை, இறால் தோலுரிக்கும் சமயம். சாயங்காலம் பெரியவர், இறால் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்க வைக்கும் செக் ட்ரேயைத் தூக்கிப் பார்த்தார். தீவனம் மிச்சம் கிடந்தது. அதன் மேல் கண்ணாடித் தாள் மாதிரி இரண்டு மூன்று சட்டைகள். இறால் தோலுரிக்கத் தொடங்கிவிட்டது. உரித்தவுடன் உடம்பு மெத்தென்று இருக்கும், மூச்சு அதிகம் தேவைப்படும், பக்கத்தில் இருப்பது கடித்தும் தின்னும்.

"தம்பி, ராத்திரி ஃபீடை நிறுத்திடலாம். ஜென்செட்டையும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாம்."

நான் போனை எடுத்துக் காட்டினேன். "ஆப்ல பச்சையாத்தானே இருக்கு, பெரியவரே."

அவர் போனைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். என் செயலியில் வெப்பம் இரண்டு தசம இடம் வரைக்கும் வரும். திதி வராது.

ராத்திரி இரண்டு மணி சுமாருக்குக் கரண்ட் போனது. ஏரேட்டர்கள் நின்றன. இந்த இடத்தில்தான் நான் கேட்காமல் விட்ட கேள்வி எழுந்து நின்றது. டப்பாவுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? ஏரேட்டருக்கு வருகிற அதே லைனிலிருந்துதான். டப்பாவுக்குள் அவசரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி இருந்தது, அது எப்போதோ உப்பிச் செத்திருந்தது. ஆக, ஏரேட்டர் நின்ற அதே நொடியில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய வாயும் மூடிக்கொண்டது. செயலி என்ன செய்யும் பாவம்? தனக்குக் கடைசியாக வந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. 4.6. பச்சை. அதன் கீழே எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில், சாம்பல் நிறத்தில், கடைசியாக எண் வந்த நேரம். விடியும்வரை அந்த 4.6 அப்படியே இருந்தது.

பெரியவர் ஷெட்டில் படுத்திருந்தார். குட்டைக் கரையில் படுத்துப் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரேட்டர் சத்தத்தில் குழந்தை மாதிரி தூங்குவார்கள், சத்தம் நின்றால் முழித்துக்கொள்வார்கள். அவரும் முழித்துக்கொண்டார். ஓடிப் போய் ஜென்செட்டைத் திருகினார். இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் டேங்க்கின் அடி தெரிந்தது. முந்தின வாரம் டிராக்டருக்கு அவசரமென்று டீசலை இறக்கினோம், திருப்பி ஊற்றவில்லை. எனக்குப் போன் செய்தார், ஆறு தடவை. சைலன்ட். கேனை எடுத்துக்கொண்டு இருட்டில் பக்கத்துப் பண்ணைக்கு நடந்து, வாட்ச்மேனை எழுப்பி, பத்து லிட்டர் கடன் வாங்கிக்கொண்டு திரும்ப நடந்தார். அடர்த்தியாக இறால் விட்ட குட்டையில், மூட்டம் போட்ட அமாவாசை ராத்திரியில், ஏரேட்டர் இல்லாத ஒரு மணி நேரம் என்பது மிக நீண்ட நேரம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். முதல் குட்டையும் நாலாவது குட்டையும் தப்பிவிட்டன. இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவது குட்டையில் கரையோரம் முழுக்க வெளிறிப் போய்க் கவிழ்ந்து கிடந்தன. தோலுரித்தவைதான் முதலில் போயிருந்தன, கையில் எடுத்தால் ஈரப் பஞ்சு மாதிரி. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் வரை சேறு, கையில் காலிக் கேன்.

ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது. டப்பா உயிர் பெற்றது. என் போனில் டிங் என்று ஒரு செய்தி: எல்லா அளவுகளும் சீராக உள்ளன. நல்ல நாளாக அமையட்டும்.

அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். "டிவைஸ் ஆஃப்லைன்ல இருந்திருக்கு சார். ஆஃப்லைன்ல அலாரம் வராது சார்." வருஷத்தில் மற்ற எல்லா நேரமும் வரும். வர வேண்டிய அந்த ஒரு நேரத்தில் வராது.

இத்தனைக்கும் பிறகு அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்திருப்பேன் என்று நினைப்பீர்கள். எறியவில்லை. குச்சி மேல் எனக்குக் கோபம் கிடையாது. பெரியவர் பிரஷால் தேய்த்து வைத்திருந்த அந்த முதல் மூன்று வாரத்தின் வரைபடத்தைப் பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஆக்சிஜன் அடிமட்டத்தைத் தொட்டது நாங்கள் நினைத்தபடி மூன்று மணிக்கு இல்லை, நாலரைக்கு மேல். ராத்திரித் தீவனம் கூடிய நாளில் பள்ளம் இன்னும் ஆழம். இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாத விஷயம். கழுவிய குச்சி உண்மை சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு வெள்ளைப்புள்ளி தெரியாது, குஞ்சு வாங்கும்போது பி.சி.ஆர். நோய்ச் சோதனை பார்த்தீர்களா என்று அது கேட்காது, ஜென்செட்டின் மூடியைத் திறந்தும் பார்க்காது.

இப்போது டப்பாவுக்குத் தனி சோலார் தகடும் புது பேட்டரியும் போட்டிருக்கிறேன். அலாரத்தையும் மாற்றச் சொன்னேன். எண் குறைந்தால் மட்டுமில்லை, பத்து நிமிஷம் எண் வராவிட்டாலும் அடிக்க வேண்டும். எல்லை மறுபடி 4. செய்தி இரண்டே பேருக்கு, ஒருவர் பெரியவர். குச்சியை ஏரேட்டரை விட்டு விலக்கி, தரைக்கு ஒரு முழம் மேலே இறக்கியாகிவிட்டது. அங்கே எண் பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் குளியல். அதற்குப் புது பிரஷே வாங்கிக் கொடுத்தேன், அவர் அதைப் பல் தேய்க்க எடுத்துக்கொண்டு பழையதையே குச்சிக்கு வைத்திருக்கிறார். கயிற்றில் கட்டிய கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றும் ஷெட்டில் தொங்குகிறது. 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடல் தெளிவைப் பார்க்க இறக்கிய அதே தட்டின் வாரிசு. தண்ணீரில் விட்டு, முப்பதிலிருந்து நாற்பது சென்டிமீட்டருக்குள் கண்ணுக்கு மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது என்று கணக்கு. அதற்குச் சிம் ரீசார்ஜ் தேவையில்லை.

மச்சான் போன வாரம் கேட்டார்: "இப்ப தூக்கம் எப்டி மாப்ள?"

வருவதில்லை என்றேன்.

இதைப் படிக்கும் நேரம் சாயங்காலமாக இருந்து, உங்களுக்கும் குட்டை இருந்தால், போனைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஜென்செட் டேங்க்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.